அடுத்தவள் சமநிலை

கடலுக்கு மேல் முந்நூறு மீட்டர் உயரத்தில், காற்றாலையின் இரட்டை இரும்புச் சட்டங்களில் இடப்பக்கத்துச் சட்டத்தின்மேல் இசக்கியம்மாள் வீட்டு வாசலில் நடப்பதுபோல நடந்து போனாள். வலப்பக்கச் சட்டத்தில் வந்த ஜெபராணிக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷமாக இதே இடம், இதே எரிச்சல்.

காற்றாலையில் ஏறி வேலை பார்க்கும் ஏறுநர்களுக்குத் தலைமை ஏறுநர் வேலை காலியாகியிருந்தது. இசக்கிக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஜெபராணிக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, இசக்கிக்கு அது கிடைக்கவே கூடாது.

ஏறுநர்கள் எல்லார் காதுக்குப் பின்னாலும் ஒரு நிலைக்காப்பான் ஒட்டியிருக்கும். தசைக்குள் இழுப்பை உணரும் நுண்ணிழைகள் உண்டு. அவற்றை எவ்வளவு முறுக்காக வைப்பது என்று மூளையின் சமநிலை மையம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இடறுவதற்கு முன்பே கால் தயாராக இருப்பது அதனால்தான். காப்பான் அந்தக் கட்டளைகளைப் பதிந்து வைக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு அவரவர் பழைய பதிவையே ஊட்டி மேலே அனுப்புவார்கள்.

பதிவுகளெல்லாம் பெயர் ஒட்டி அலமாரியில் இருந்தன. அந்த வேலைக்கான நடைத் தேர்வன்று காலை ஜெபராணி இசக்கியின் பதிவை எடுத்துத் தன் காப்பானில் போட்டுக்கொண்டாள்.

தேர்விலும் இருவரும் அவரவர் வழக்கமான பக்கத்தில் ஜோடியாகத்தான் நடந்தார்கள். ஜெபராணிக்கு முதல் பத்தடி அமிர்தம்! இந்தச் சுகத்தையா இவள் இத்தனை நாள் தனியாக அனுபவித்தாள் என்று பொறாமை இன்னும் ஏறியது. அப்புறம் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பியது. அங்கே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. நேராக நிற்கப் பார்த்தாள், கால் கேட்கவில்லை. சட்டத்துக்குக் கீழே இருபக்கமும் கட்டியிருந்த பாதுகாப்பு வலைகளில், தொப்பென்று வலப்பக்க வலையில் விழுந்தாள்.

“வலப்பக்கம் யாரப் பாத்த நீ?” காதுக்கருவியில் கேட்டார் தேர்வாளர் சுயம்புலிங்கம். “மனசு எங்க கெடக்கோ, சமநிலை மையம் ஒடம்ப அந்தப் பக்கமா முறுக்கி வச்சிரும். அதுவும் சேந்துதாம்மா பதியும்.”

ஜெபராணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இசக்கியின் வலப்பக்கம் எட்டு வருஷமாக இருந்தது தான் ஒருத்திதானே! என்னையா இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்? பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் இடப்பக்க வலை அதிர்ந்தது. இசக்கி அதில் குப்புறக் கிடந்தாள்.

“ஏட்டி, நீ யாரு பதிவப் போட்டிருக்க?” என்றாள் ஜெபராணி.

“நீ மொதல்ல சொல்லு.”

சுயம்புலிங்கம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பாக்கியசீலன் என்று ஒருவன். எட்டு வருஷமாகக் கூடவே வேலை செய்தும் இருவரும் அவனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவன் யாரையும் பார்க்காமல் நேராக நடந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தான்.

வலையில் கிடந்த இருவருக்கும் முதல் தடவையாக ஒரே ஆள்மேல் பொறாமை வந்தது.