ஓதவால்

பால்வெளி இப்போது பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இளவெயினிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அங்கேதான் அவள் தம்பி மருதவாணன் இருந்தான்.

மூப்புநீக்கி வந்தபின் யாரும் சாவதில்லை. பகையும் சாகவில்லை. வீட்டுக்கு வந்த முதல் குப்பியை அம்மாவுக்குக் கொடுக்காமல் மருதவாணனே குடித்தான். அடுத்த குப்பி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். அவன் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று இளவெயினி ஆந்திரமீடா விண்மீன் மண்டலத்தில் குடியேறினாள். அந்தத் தூரம் போதும் என்று நினைத்தாள்.

இரண்டு மண்டலங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்தன. நானூறு கோடி ஆண்டுகளில் நெருங்கிவிட்டன.

“மோதுறப்ப அவன் சூரியன் சிதறாதா?”

“எங்கேக்கா சிதறும்? விண்மீனுங்களுக்கு நடுவுல அவ்வளவு இடம் கிடக்கு. ஒண்ணுமேல ஒண்ணு உரசாது, ஊடால புகுந்து போயிடும். கடைசியில எல்லாம் ஒரே மண்டலம்” என்றான் சேந்தன். அவர்கள் குடியிருந்த சூரியனையே நகர்த்தும் மீனுந்தி எந்திரத்தை ஓட்டுபவன். “உங்க தம்பி பக்கத்துத் தெருவுக்கே வந்துருவாரு.”

“வாயை மூடு.”

மண்டலங்கள் கடக்கும்போது ஈர்ப்புவிசை, விளிம்பிலுள்ள விண்மீன்களை வெளியே வீசும். அவை வால்போல நீண்டு கிளம்பும்; அதுதான் ஓதவால். அதன் நுனிக்குப் போனவை திரும்பி விழுவதில்லை. அம்மா அந்தக் கணக்கை இருவருக்கும் சிறுவயதிலேயே சொல்லித்தந்திருந்தாள். எங்கே போய் நின்றால் நுனிக்கு வீசப்படலாம் என்று இளவெயினி போட்டுப் பார்த்தாள்.

“எரிபொருள் மொத்தமும் தீந்துரும்க்கா. அப்புறம் நகரவே முடியாது. சுத்தியும் இருட்டு. ஊரே ஏசும்.”

“ஏசட்டும். தள்ளு.”

ஈர்ப்பு அவர்கள் சூரியனை வீசியெறிந்தது. விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கி, மங்கி, மறைந்தன. ஒன்று மட்டும் மறையவில்லை. மஞ்சளாக, கிட்டத்தில், கூடவே வந்தது.

சேந்தன் கருவியிலிருந்து தலையை எடுக்கவில்லை. “பால்வெளிச் சூரியன்க்கா. அவங்க உந்தியும் காலி. ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்த ஆரம்பிச்சாச்சு. இனி பிரியாது.”

ஒலிபெருக்கி கரகரத்தது.

“இங்கயும் வந்து தொலைச்சியா?” மருதவாணனின் குரல். “உன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதானே இந்த மூலைக்கு வந்தேன்!”

“கணக்கு யாரு போட்டது?”

“நான்தான். அம்மா சொன்னபடி.”

இளவெயினி ஒலிபெருக்கியை அணைத்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரையை மீறி அவன் வெளிச்சம் தரையில் விழுந்தது. வானத்தில் பார்க்க வேறொன்றும் இல்லை. சாவும் இல்லை.