ஆமாங்க, நாந்தான் திருமூர்த்தி

"ஏனுங்க... நீங்கதான் திருமூர்த்திங்களா?"

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எதிரே ஒரு பைக். அதில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஆமாங்க. நாந்தான் திருமூர்த்தி. நீங்க...?"

பதில் வரவில்லை.

இரும்புக் கம்பி வந்தது.

காரமடை. பள்ளிக்கூடம் விட்டு ஜனம் நடமாடும் சாயங்கால நேரம். பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தமிழாசிரியர் திருமூர்த்தி, வயது நாற்பத்திரண்டு, தன் புத்தகப் பையின் மேல் தலை சாய்ந்து கிடந்தார்... அசதியில் தூங்குகிறவர் மாதிரி.

பீளமேட்டில், ஒரு கல்லூரி நூலகத்தில், போன் அடித்தது.

நூலகர் நவ்யா எடுத்தாள்.

"திருமூர்த்தி சாரோட ஊட்டுக்காரம்மாங்களா?"

"ஆமாங்க."

அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் அது இரண்டாவது 'ஆமாங்க'.

*

காரியம் முடிந்ததுமே நவ்யா வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியவில்லை. கொடியில் அவருடைய சட்டை தொங்கியது. எடுக்க அவளுக்கு மனமில்லை. மற்றவர்களை எடுக்க விடவும் இல்லை.

இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம். அவள் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண். அவர் கவுண்டர் வீட்டுப் பையன். பதினோரு வருஷம், இரண்டு பேருக்கும் ஒருவரை விட்டால் ஒருவர்தான்.

இன்ஸ்பெக்டர் ஹர்ஷிணி நூலகத்துக்கே வந்தாள். தொப்பியை மேசையில் வைத்தாள். உட்கார்ந்தாள்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுக்காரர் தண்ணியப் பத்தி ஏதாச்சும் எழுதினாருங்களா?"

"தண்ணியா?"

"அடிச்சவன் வண்டியில ஏறும்போது சொல்லியிருக்கான். 'இனிமே தண்ணியப் பத்தி எழுதுவியா'ன்னு. பேக்கரிக்காரர் காதுல விழுந்திருக்கு."

நவ்யா தலையை ஆட்டினாள்.

"அவரு ஊர்ப்பேருகளப் பத்தி எழுதறவருங்க மேடம். பாளையம்னு முடியற ஊரு எத்தன, புதூருன்னு எத்தன, அந்தப் பேரு எப்படி வந்துச்சு... லீவு நாளானா அதே வேல. அதுக்காக யாருங்க ஆளக் கொல்லப் போறாங்க?"

"அப்ப இது என்னங்க?"

ஹர்ஷிணி போனைத் திருப்பிக் காட்டினாள்.

ஆராய்ச்சிக்காரர்களின் விவரம் போடும் இணையப் பக்கம். மேலே ஆங்கிலத்தில் பெயர், ஆர். திருமூர்த்தி. ஊர், கோயம்புத்தூர். கீழே வரிசையாகக் கட்டுரைகள். முதல் கட்டுரை, பவானிப் பக்கத்துச் சாயக்கழிவும் நிலத்தடி நீரும்.

நவ்யாவின் கண் கட்டுரைக்குப் போகவில்லை. படத்தில் நின்றுவிட்டது.

பச்சைக் கட்டம் போட்ட சட்டை. எடுப்பான பல்லைப் பற்றி வெட்கப்படாத அதே சிரிப்பு. இடது தோளில் யாரோ ஒருவருடைய நான்கு விரல்கள். அந்த ஆள் படத்தில் இல்லை. வெட்டப்பட்டிருந்தார்.

இந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை.

"அம்மணி...?"

"படம் அவருதுங்க," என்றாள். "கட்டுரைக அவருது இல்ல. இதுல நாலு திருமூர்த்தி கலந்து கெடக்கறாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"இதுதானுங்க எனக்கு வேல. பேரை மட்டும் பார்த்தா எல்லாம் ஒரே ஆளுதான். கூடச் சேந்து எழுதினது யாரு, முகவரி எந்த ஊரு, கடைசில யாருக்கு நன்றி சொல்லியிருக்குன்னு பார்த்தா ஆள் பிரிஞ்சு வந்துருவாங்க."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். வேலை என்று வந்ததும் விரல்கள் தானாகவே ஓடின.

"இதப் பாருங்க. வால்பாறைல தேயிலைச் செடிக்கு வர்ற பூச்சி. கட்டுரை வந்தப்ப எங்கூட்டுக்காரர் பொறக்கவே இல்ல. இது ஒரு திருமூர்த்தி. அடுத்தது கோழிக்கு வர்ற சீக்கு. கூட எழுதினவங்க எல்லாம் நாமக்கல் கால்நடை டாக்டருங்க. இது ரெண்டாவது."

"மூணாவது?"

"அவரு."

திரையில் ஊர்ப்பெயர்க் கட்டுரை. கடைசிப் பக்கம். நன்றி.

'நவ்யாவுக்கு. திட்டிக்கொண்டே பிழை திருத்தியதற்கு.'

அவள் அதைப் படித்தாள். முன்பே படித்ததுதான். அச்சாகி வந்த அன்றைக்கு, "திட்டினத எல்லாமா ஊருக்குச் சொல்லுவீங்க?" என்று சண்டை போட்டிருக்கிறாள். இன்றைக்குச் சண்டை போட ஆள் இல்லை.

ஹர்ஷிணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். போலீஸ்காரி என்றாலும் பெண்தானே.

நவ்யா அடுத்த கட்டுரையைத் திறந்தாள்.

"நாலாவது ஆளு இந்தத் தண்ணிக் கட்டுரைக்காரர். நன்றில சம்சாரம் பேரு சண்முகப்ரியான்னு போட்டிருக்கு. முகவரி, கோயம்புத்தூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையம். டாக்டர் பட்டம் வாங்கினவரு. இவரத்தானுங்க அவங்க தேடியிருக்காங்க."

ஹர்ஷிணி நிமிர்ந்தாள். "சாயப்பட்டறை கேசு ஒண்ணு கோர்ட்டுல இருக்குது. முக்கியமான சாட்சி ஒரு முனைவர் திருமூர்த்தி. அப்ப... ஆள் மாறிப்போச்சு."

ஆள் மாறிப்போச்சு.

பஸ் மாறிப்போச்சு என்கிற மாதிரி இரண்டே வார்த்தை.

"இந்தப் பக்கம் தானாவே வந்துருங்களா அம்மணி?"

"கட்டுரைகளத் தானா சேத்துக்கும்ங்க. ஆனா படம் போட ஒரு ஆள் வேணும். இவருகிட்டப் படிச்ச பசங்க யாராச்சும் ஆசையா செஞ்சிருப்பாங்க. விசயம் தெரியாம எல்லாத்தையும் இவரு தலைல ஏத்திப்போட்டாங்க."

ஹர்ஷிணி தொப்பியை எடுத்தாள். "அந்த முனைவரைப் போய்ப் பார்த்து எச்சரிக்கணும். செத்தது தப்பான ஆளுன்னு தெரிஞ்சா மறுபடி வருவாங்க."

"நானும் வாரேனுங்க."

"நீங்க எதுக்கு அம்மணி?"

"எங்கூட்டுக்காரருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லலீங்க. இவருக்காச்சும் சொல்லோணும்."

*

வடவள்ளி. வாசலில் கார் நிற்கும் மாடி வீடு.

காலிங் பெல் அடித்ததும் முதலில் ஜன்னல் திரை விலகியது. பிறகுதான் கதவு திறந்தது. முனைவர் திருமூர்த்திக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கண்ணாடி. போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளுப்பு. இருக்காதா பின்னே... உயிருக்குப் பயந்த மனுஷன்.

ஹர்ஷிணி விஷயத்தைச் சொன்னாள். நவ்யா யார் என்பதையும் சொன்னாள்.

"பேப்பர்ல பார்த்தேனுங்க," என்றார். "அதே பேரா இருக்கவும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. ரொம்ப வருத்தமுங்க அம்மணி."

"அவரை உங்களுக்குப் பழக்கமுங்களா?" ஹர்ஷிணி கேட்டாள்.

"இல்லீங்க. பார்த்ததே இல்ல."

நவ்யா அவரையே பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இந்த ஆளும் பாவம், இவருக்கும் ஒரு சம்சாரம் இருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

"நீங்க சாக்கிரதையா இருங்க," என்றாள். "தனியா எங்கயும் போகாதீங்க. ரோட்டுல யாராச்சும் நிறுத்திப் பேரக் கேட்டா... ஆமாங்கன்னு சொல்லிப்போடாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து சண்முகப்ரியா காபித் தட்டோடு வந்தாள். மஞ்சள் மினுங்கும் முகம். நவ்யாவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது.

நவ்யா தன் போனில் அந்தப் பக்கத்தை எடுத்து முனைவரிடம் நீட்டினாள். "இதப் பார்த்துத்தான் அவங்க ஆள அடையாளம் புடிச்சிருக்கோணும். உங்க கட்டுரை, எங்கூட்டுக்காரர் படம்."

எல்லோர் கையிலும் டம்ளரைக் கொடுத்துவிட்டு, வெறும் தட்டோடு நின்ற சண்முகப்ரியா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க... இவரு நம்மூட்டுக்கு வந்தவரல்லங்க?"

முனைவர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"ப்ரியா. நீ உள்ள போ."

அவள் போகவில்லை. காதிலேயே வாங்கவில்லை.

"இவருங்களா எறந்து போனது? அய்யோ... இந்தப் படத்த நாந்தானுங்க எடுத்தேன். இதே சோபாவுல. ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னு சிரிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. தோள்ல இருக்கறது இவரு கைதானுங்க."

நவ்யா மெதுவாகத் திரும்பினாள்.

காபி டம்ளரைப் பிடித்திருந்தன அந்த நான்கு விரல்கள்.

"எதுக்கு வந்தாருங்க?" நவ்யாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எவனோ போன்ல மெரட்டறான், உங்களுக்கு வர வேண்டியது ஆள் மாறி எனக்கு வருது, நீங்க சூதானமா இருங்க, போலீசுல சொல்லி வைங்கன்னு சொல்லிப்போட்டுப் போறதுக்குத்தான் வந்தாரு. தேங்கா பன்னு வாங்கிட்டு வந்தாரு. நல்ல மனுசனுங்க அம்மணி..."

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நவ்யாவின் நினைவுக்கு வந்தது. தோசைக்கல் அடுப்பில் இருந்தது. சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டார். "ஏன் அம்மணி, ஒரே பேருல நாலு பேரு எழுதினா நீ எப்படிப் பிரிப்பே?" அவள் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஊர்ப்பெயர் விவகாரம் என்று நினைத்துக்கொண்டாள். மிரட்டல் வந்ததை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. பயப்படுவாள் என்று.

அவள் சொல்லிக் கொடுத்த வழியில்தான் இந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். இதே காரியத்துக்கு. இதே வார்த்தைகளைச் சொல்ல.

ஹர்ஷிணி எழுந்து நின்றாள். "பார்த்ததே இல்லன்னு சொன்னீங்களே சார்."

முனைவர் டம்ளரைக் கீழே வைத்தார். காபி தளும்பியது.

"நீங்கதான் அந்தப் பக்கத்த ஆரம்பிச்சீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹர்ஷிணி விடவில்லை.

"உங்க ஆராய்ச்சி நிலையத்து மெயில்ல பதிவு பண்ணியிருந்தா எனக்கு ஒரு கடிதாசில தெரிஞ்சு போகும். நீங்களே சொல்லிருங்க."

உடைந்தார்.

"வழக்கு முடியற வரைக்குந்தானுங்க... அப்புறம் எடுத்துரலாம்னு இருந்தேன். என் நெலமையையும் பாருங்க. ஆறு ஊரு சனம் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா சாட்சி சொல்ல வேற ஆளில்ல. அவங்க ஏற்கெனவே அவரத்தான் நான்னு நெனச்சிருந்தாங்க. அது அப்படியே இருக்கட்டும்னு... ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேனுங்க. சத்தியமா, கொல்லுவாங்கன்னு நெனைக்கல."

சண்முகப்ரியாவின் கையிலிருந்த தட்டு சுவரில் மோதித் தரையில் விழுந்தது. அவள் விட்டெறிந்தாளா, நழுவியதா... யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் நவ்யாவைப் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. அவர் சட்டையைப் பிடிக்கவில்லை.

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க," என்றாள்.

"என்னன்னுங்க...?"

"ஆறு ஊரு தண்ணிக்காக, கேசு முடியற வரைக்கும் உங்க படத்த நான் போட்டுக்கட்டுமான்னு."

முனைவர் விழித்தார்.

"சரின்னுதான் சொல்லியிருப்பாருங்க. அவரு அப்படிப்பட்ட ஆளு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எங்கிட்டயாச்சும் சொல்லிப்போட்டு ஊட்ட விட்டுக் கெளம்பியிருப்பாரு. நான் அவரத் தனியா விட்டிருக்க மாட்டேன்..."

சண்முகப்ரியா உள்ளே போனாள். திரும்பி வரும்போது காலில் செருப்பு இருந்தது.

"நான் பார்த்தத எங்க வந்து சொல்லோணுங்க மேடம்?"

புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை.

*

முனைவர் அன்றைக்கே கைதானார். கம்பி பிடித்த இரண்டு பேரும் பெருந்துறையில் சிக்கினார்கள். பட்டறைக்காரர் அனுப்பியதை ஒப்புக்கொண்டார்கள். "நெட்டுல படத்தப் பார்த்துத்தானுங்க வந்தோம்," என்றான் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன். இப்போதும் மரியாதையாகத்தான் பேசினான்.

நவ்யா அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதி, நான்கு பேரையும் தனித்தனியாகப் பிரிக்க வைத்தாள். தேயிலைப் பூச்சி வால்பாறைக்காரருக்குப் போனது. கோழிச் சீக்கு நாமக்கல்காரருக்கு. ஊர்ப்பெயர்கள் அவளுடைய திருமூர்த்திக்கு. தண்ணிக் கட்டுரையை அதை எழுதியவர் பெயரிலேயே வைத்தாள்.

"அதத் தூக்கிப் போட உங்களுக்குத் தோணலீங்களா?" ஹர்ஷிணி கேட்டாள்.

"அதுல எழுதினது நெசமுங்க மேடம். எழுதின ஆளுதான் சரியில்ல. கோர்ட்டுக்கு அந்தக் கட்டுரை வேணும்."

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். ஸ்டேஷன் ரைட்டர் தனபால் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்தினார்.

"மேடம், எறந்தவரும் ஆர். திருமூர்த்தி. கைதானவரும் ஆர். திருமூர்த்தி. படிக்கறவங்களுக்குக் கொழம்பிப் போகுமுங்க. பேருக்கு முன்னாடி எதாச்சும் அடையாளம் போட்டுக்கட்டுங்களா?"

ஹர்ஷிணி நவ்யாவைப் பார்த்தாள்.

நவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள். எழுந்தாள்.

"அந்தாளு பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுக்குங்க. எப்பவுமே தனக்கு முன்னாடி எதையாச்சும் நிறுத்தி வெச்சுக்கறவருதானுங்களே."