றிச்மண்ட் ஹில்லில் இன்னும் வியாழன்

கணவாயின் உடலுக்கு ஊடாகத் தொட்டியின் அடியில் கிடந்த நீலக் கல் தெரிந்தது.

நிலாணி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்தாள். அவள் இதுவரை கண்ட கணவாய் எல்லாம் கனடாவில், ஸ்காபரோக் கடைப் பனிப்பெட்டிக்குள் வெள்ளை வளையங்களாகக் கிடந்தவை. இது நீந்தியது. அதன் மேல் சிவப்புப் புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. உள்ளே யாரோ சின்னச் சின்ன விளக்குகளைப் போட்டு அணைப்பது போல இருந்தது.

"அம்மா, இது எங்களைப் பாக்குது."

"நீ அப்பிடிப் பாத்தா, அதுவும் பாக்கும்தானே" என்றார் அம்மா. அவருடைய மூக்கும் கண்ணாடியில்தான் இருந்தது.

அது ஹகோடாட்டே என்ற துறைமுக நகரம். ஜப்பானின் வடக்கே இருக்கிறது. நேற்று மாலை அவர்கள் ரயிலில் வந்தார்கள். அந்த ரயில் கடலுக்கு அடியில் ஒரு சுரங்கத்துக்குள் ஓடியது. தலைக்கு மேலே கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது நிலாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று காலை ஒரு மலைத் தெருவின் உச்சிக்குப் போனார்கள். தெரு நேராகக் கீழே இறங்கி, இறங்கி, கடலிலேயே போய் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு கப்பல் நின்றது. அப்பா மாமாங்கம் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுபவர். வாய் ஓயாதவர். அவரே அங்கே ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார்.

அதன் பிறகுதான் இந்தக் காலைச் சந்தைக்கு வந்தார்கள். நண்டுகள் நிலாணியின் தலையைவிடப் பெரிதாக இருந்தன. மீன் முட்டைகள் சிவப்பு மணிகளாகச் சோற்றின் மேல் மின்னின. ஆனால் அம்மா புஸ்பராணி கணவாய்க் கடையை விட்டு நகரவில்லை. மட்டக்களப்பில் பிறந்தவருக்குக் கணவாய் என்றால் உயிர். "கரைக்கு வந்த அண்டைக்கே சுட்ட கணவாய்" என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் டோக்கியோவுக்குத் திரும்பும் ரயில். சாப்பிட இருப்பது இந்தக் காலை ஒன்றுதான்.

அம்மா கடைக்காரரிடம் ஒரு விரலைக் காட்டினார். அவர் தட்டில் இருந்த கணவாய் ஒன்றை எடுத்து நெருப்பில் வைத்தார். அது சுருண்டு பொன்னிறமானது. மணம் சந்தை முழுவதும் நடந்துபோனது.

படம் எடுக்கலாம் என்று நிலாணி அம்மாவின் ஃபோனை வாங்கினாள். திரையில் நேரம் ஏழு. அதன் கீழே 'வெள்ளி' என்று இருந்தது.

நிலாணி ஃபோனை மெல்லக் கவிழ்த்துப் பிடித்தாள்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் மீனும் இறைச்சியும் தொடமாட்டார். பத்து வருடங்களாக ஒரு வெள்ளியும் தவறவில்லை. இப்போது பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அம்மா சந்தோசமாகச் சாப்பிடுவார். ஆனால் பிறகு எப்போதாவது தெரிந்துவிட்டால்?

கடைக்காரர் கணவாயைக் காகிதத் தட்டில் வைத்து நீட்டினார்.

"அம்மா" என்றாள் நிலாணி. "இண்டைக்கு வெள்ளி."

"வியாழன்" என்றார் அப்பா. "வெள்ளி வராமப் பாத்துத்தானே நான் இந்த ஊருக்கு நாள் போட்டனான்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் அவரே கிழமை எழுதியிருந்தார்.

நிலாணி ஃபோனைக் காட்டினாள். அப்பா விரல்விட்டு எண்ணினார். பிறகு மற்றக் கையால் எண்ணினார்.

"திங்கள் பிளேன் ஏறினம். திங்கள் இறங்கினம்."

"செவ்வாய் இறங்கினம் அப்பா. இடையில ஒரு நாள் போயிற்றுது."

"எங்க போனது?"

"பசிபிக் கடலில."

அம்மா அப்பாவைப் பார்த்தார். "உங்கட பஸ்ஸில ஏறுற சனமெல்லாம் ஏறின நாளிலதான் இறங்குதோ?"

அப்பா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூவரும் கடலோரம் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். கணவாய் நடுவில் இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. எனக்கு மணம் போதும்" என்றார் அம்மா. படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலாணியால் ஒரு துண்டைக்கூட எடுக்க முடியவில்லை. அவள் குறித்த நாளுக்கு இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களாம். பிள்ளை வீட்டுக்கு வந்தால் வெள்ளி தோறும் மச்சம் தொடமாட்டேன் என்று அம்மா அப்போது நேர்த்தி வைத்தார். அம்மா கணவாய் சாப்பிடாமல் இருப்பது அவளுக்காகத்தான்.

அம்மாவைச் சிரிக்க வைக்கத் தனுசியா சித்தியால்தான் முடியும். நிலாணி சித்தியை வீடியோவில் அழைத்தாள். சித்தி ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில் இருக்கிறார்.

"என்ன மகள், கணவாய் முடிஞ்சுதோ? அக்காட வாயில இடமிருந்தா ஒரு சொல்லுக் கதைக்கச் சொல்லு" என்றார் சித்தி. பின்னால் எண்ணெய் சடசடத்தது.

நிலாணியின் கண் திரையிலேயே நின்றது. சித்தியின் குசினி யன்னலில், வேலிக்குப் பக்கத்தில், மஞ்சள் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். படகுகளின் கொடிமரங்களுக்கு மேலே அதே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே சூரியன். அங்கே இறங்கிக்கொண்டும் இங்கே ஏறிக்கொண்டும்.

"ஹலோ? படம் நிண்டுட்டுது" என்றார் சித்தி.

"படம் நிக்கேல்ல சித்தி. நான்தான் நிண்டுட்டன். என்ன பொரிக்கிறீங்க?"

"விளைமீன். நாளைக்கு வெள்ளியெல்லோ, இண்டைக்கே முடிக்க வேணும்."

நிலாணி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நேர்த்தி எங்க வச்சனீங்க?"

"அங்கதான், றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாரிட்ட. ஏன்?"

"அந்தப் பிள்ளையாருக்கு இப்ப என்ன கிழமை?"

அம்மா திரையைப் பார்த்தார். சித்தியின் யன்னலைப் பார்த்தார். பிறகு கடலுக்கு மேலே இருந்த சூரியனை நெடுநேரம் பார்த்தார்.

"வியாழன்" என்றார் மெதுவாக. உடனே தலையை ஆட்டினார். "இல்ல மகள். இது சுத்துமாத்து. பிள்ளையாரை ஏமாத்தக் கூடாது."

"ஏமாத்தேல்ல. ஒரு வெள்ளியும் குறையாது. அங்க இப்ப வியாழன் பின்னேரம் ஆறு தாண்டிட்டுது. இண்டைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு அங்க வெள்ளி தொடங்கும். நாளைக்கு மத்தியானம் ஒரு மணி வரைக்கும் இருக்கும். அவ்வளவு நேரமும் நீங்க மச்சம் தொடக் கூடாது. முழு வெள்ளி."

"கணக்குச் சரி" என்றார் அப்பா.

"நீங்க கிழமைக் கணக்குக் கதையாதேங்க" என்றார் அம்மா. ஆனால் அவர் கை கணவாயிடம் போயிருந்தது.

முதல் துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடினார். கடற்பறவை ஒன்று கத்திக்கொண்டு போனது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஃபோனுக்குள் சித்திகூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி அம்மா?"

"பொறு" என்றார் அம்மா.

மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு மணி. டோக்கியோ ஹோட்டலில் சாப்பாட்டு மேசை நீளமாக இருந்தது. சுட்ட மீன், இறால், மீன் முட்டை எல்லாம் வரிசையில் இருந்தன. அம்மா வெறும் சோறும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தார்.

நிலாணி மீனுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சோறும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் போய் இருந்தாள்.

"நீ சாப்பிடன். உனக்கென்ன வெள்ளி?"

"றிச்மண்ட் ஹில்லில இன்னும் வெள்ளிதானே அம்மா."

அம்மா தன் ஊறுகாயில் பாதியை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தார்.

தட்டு நிறைய மீனோடு வந்த அப்பா இருவரையும் பார்த்தார். மீனைப் பார்த்தார். தட்டை மெல்ல ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"ஒரு மணிக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் கிடக்கு?"

"அஞ்சு" என்றார்கள் இருவரும்.