நான் இருக்கறேன், நீ போ

மூன்றரை மணிக்கு மயிலாள் பள்ளிக்கூடத்துச் சிற்றாலயத்துக்கு ஓடிவந்தபோது கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்தால் பஸ் நின்றுவிடும் என்று அன்றைக்கு மூன்று மணிக்கே பள்ளியை விட்டிருந்தார்கள். அவளோடு மூன்றரை மணி ஆராதனை முறை இருந்த சீனியம்மாள், குண்டடம் பஸ்ஸைப் பிடிக்க அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள். மயிலாள் மட்டும் போகவில்லை. அவள் தலையெழுத்து நாலு மணிக்கு முடிவாக இருந்தது.

விஷயம் இதுதான். அவள் அப்பா தங்கவேலுவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. திங்கட்கிழமையிலிருந்து மகளையும் செக்கிங் வேலையில் சேர்த்துவிடுவதாக மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் அந்த மனுஷன். பத்தாவது பரீட்சைக்கு நாலே மாதம் பாக்கி! மயிலாள் அழுது அழுது கண் வீங்கிப்போய், தலைமையாசிரியை சிஸ்டர் எவரிஸ்டாவிடம் போய் நின்றாள். சிஸ்டர் அப்பாவை நாலு மணிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு அவளிடம் ஒன்று சொன்னார்.

"நான் பேசறேன். ஆனா படிக்கணும்னு நீயே உன் வாயால சொல்லணும், கண்ணு. பயந்துக்கிட்டு நின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அதுவரைக்கும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றுதான் வந்தாள். இந்துப் பிள்ளைதான். ஆனாலும் மாதத்தின் முதல் வெள்ளி ஆராதனைக்குத் தன் பெயரைத் தானே கேட்டு எழுதிக்கொள்வாள். அன்றைக்கு நாள் முழுக்கப் பீடத்தின் மேல் கதிர் விரிந்த பொன் பாத்திரத்தில், ஆண்டவரே என்று வணங்கும் நற்கருணை அப்பம் இருக்கும். ஆண்டவரைத் தனியே விடக் கூடாது என்று அரைமணிக்கு இரண்டு பிள்ளைகள் முறை வைத்து மண்டியிடுவார்கள். அடுத்த முறைக்காரி வந்து பக்கத்தில் மண்டியிட்டு, "நான் இருக்கறேன், நீ போ" என்று காதோடு சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், கலெக்டரே வந்து கூப்பிட்டாலும் சரி, எழுந்திருக்கக் கூடாது.

உள்ளே கரண்ட் இல்லை. பீடத்தில் இரண்டு மெழுகுவத்தி மட்டும் எரிந்தது. ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்ததால், மழைச் சத்தம் எங்கேயோ தூரத்தில் பெய்வதுபோல் கேட்டது. மெழுகு வாசனையோடு, நாலு நாள் காயாமல் கிடந்த துணியின் முடைநாற்றமும் கலந்து வந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை தனியாக மண்டியிட்டிருந்தாள். வெள்ளை முக்காடு முகத்தை மறைத்திருந்தது.

பாவம், மூன்று மணி முறைக்காரி போல, ஜோடி ஓடிவிட்டாள், இவள் மட்டும் மாட்டிக்கொண்டாள் என்று மயிலாள் நினைத்தாள். பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நான் இருக்கறேன், நீ போ."

அவள் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டாள்.

"நெசமாலுமா?"

"நெசமாத்தான். பஸ் போயிரும், எந்திரி."

"ஆருமே வரலீங்க்கா. எத்தனை நேரம் பாத்தேன்."

"அதுதான் நான் வந்துட்டேனில்ல. போ, கண்ணு."

அந்தப் பெண் எழுந்தாள். முழங்கால் எலும்பு நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. எழும்போது பிடிமானத்துக்காக மயிலாளின் தோளில் கை வைத்தாள்.

கிணற்றுத் தண்ணீரில் ஊறியதுபோல் சில்லிட்ட கை.

கடந்து போனபோதுதான் மயிலாள் அவள் பாவாடையைப் பார்த்தாள். நீலப் பாவாடை. மயிலாள் ஆறாவது சேர்ந்ததிலிருந்தே இந்தப் பள்ளிக்கூடத்தில் பழுப்புப் பாவாடைதான்.



ஹாஸ்டல் பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கிற கதை ஞாபகம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் பழனாயி என்று ஒருத்தி. இதே மாதிரி ஒரு மழை நாளில் சிஸ்டர் எவரிஸ்டா பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார். ஆராதனையில் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்பதை மறந்தே போனார். வெள்ளத்தில் ஃபாதரும் வராமல், மாற்ற ஆளும் வராததால், கொதிக்கிற காய்ச்சலோடு அவள் அப்படியே இருந்திருக்கிறாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோதும் மண்டியிட்டபடியே விறைத்துச் செத்திருந்தாளாம். மாற்ற ஆள் வரும் என்று இன்னமும் அங்கேயே காத்திருக்கிறாளாம். நற்கருணைக்கு முன்னால் பேய் எப்படியடி வரும் என்று இந்தக் கதையை மயிலாளே கிண்டல் செய்திருக்கிறாள்.

அவள் எழப் பார்த்தாள்.

முழங்கால் வரவில்லை.

மரத்துப்போயிருக்கும் என்று கையை ஊன்றி உந்தினாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அவளுடையதாக இல்லை. கத்திப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் தனக்கே கேட்கவில்லை.

நாலு மணி அடித்தது. வெளியே சைக்கிளை நிறுத்தும் சத்தம். சிற்றாலயத்தை ஒட்டித்தான் சிஸ்டரின் அறை. அப்பா செருமுவதும், ஈரத் துண்டை உதறுவதும், சிஸ்டர் உட்காரச் சொல்வதும் சுவருக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டன. சிஸ்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். அப்பா முதலில் மழுப்பினார், பிறகு வீட்டு நிலைமையைச் சொன்னார், கடைசியில் இறங்கி வந்தார்.

"செரிங்க சிஸ்டர். அவ வாயால படிக்கறேன்னு சொல்லட்டும். கம்பெனிப் பேச்சையே நான் எடுக்கலீங்க."

மயிலாள் கேட்டது கிடைத்துவிட்டது, ஆண்டவரே! பத்தடி நடந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு தன் தொடையில் மாறி மாறிக் குத்தினாள்.

சிஸ்டரின் அறைக் கதவு திறந்தது.

"வா மயிலாள்" என்றார் சிஸ்டர்.

"எனக்குப் படிப்பு வேண்டாமுங்க" என்றது ஒரு குரல்.

மயிலாளின் குரல்.

"என்ன கண்ணு சொல்றே? காத்தால அப்படி அழுதியே?"

"இந்த எடத்துல இனி ஒரு நிமிசமும் இருக்க மாட்டேனுங்க. ஊட்டுக்குப் போலாமுங்கப்பா. மொதல்ல என்னை வெளியில கூட்டிட்டுப் போங்க."

ஜன்னல் இடுக்கு வழியே வாசல் தெரிந்தது. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் மயிலாள் போனாள். அதே பழுப்புப் பாவாடை, அதே இரட்டைச் சடை, அதே புத்தகப் பை. மழையில் முகத்தை நிமிர்த்தி, நனைந்துகொண்டே நடந்தாள். அப்பா தன் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார். சிற்றாலயத்தில் மண்டியிட்டிருந்தவள் குனிந்து தன்னைப் பார்த்தாள், நீலப் பாவாடை. அப்பா, அப்பா என்று கதறினாள்.

ஐந்து மணிக்கு ஃபாதர் வந்தார். ஆசீர் கொடுத்து, நற்கருணையைப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். முன்வரிசையில் இருந்தவள் அவர் கண்ணுக்கே படவில்லை.

கடைசியாகச் சிஸ்டர் எவரிஸ்டா மெழுகுவத்தியை அணைக்க வந்தார். ஒன்றை அணைத்தார். மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்வரிசைக்கு நேரே வந்து நின்றார். யாரையும் பார்க்கவில்லை. ஆனால் பேசினார், தினமும் பேசிப் பழகியவர்போல.

"இன்னைக்கு மயிலாளையும் விட்டுட்டேன், பழனாயி. நீயாச்சும் எந்திரிச்சுப் போ, கண்ணு."

"சிஸ்டர், நான்தானுங்க மயிலாள்" என்று அவள் உயிரைத் திரட்டிக் கூவினாள்.

சிஸ்டர் காதைக் கொடுத்துக் கேட்டார். வார்த்தை பிடிபடவில்லை, அழுகை மட்டும்தான் கேட்டது போல. முகம் வெளுத்துப்போனது.

"இத்தனை வருசம் பேசாம இருந்துட்டு, இன்னைக்கு அழுகறியே" என்று முணுமுணுத்தார்.

சிலுவை போட்டுக்கொண்டே பின்னுக்கு நடந்து வெளியே போய், கதவைச் சாத்திப் பூட்டினார்.