அரை இன்ச் பொய்

எங்கள் வீட்டில் எதில் வேண்டுமானாலும் கொஞ்சம் புளுகலாம். பால் குடித்துவிட்டேன், பல் தேய்த்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அளவில் மட்டும் கூடாது. அம்மா தையல்காரி. அரை இன்ச் தப்பினால் ஒரு சட்டையே பாழ் என்பாள்.

அந்த அம்மாவிடம்தான் நான் அளவில் பொய் சொன்னேன்.

அம்மா படியில் வழுக்கி விழுந்து, வலது கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது அம்மாவின் கால் மாதிரியே இல்லை. இடது கெண்டைக்கால் பதின்மூன்று இன்ச், வலது பதினொன்று. அம்மா துண்டை எடுத்துக் காலை மூடிக்கொண்டாள். இனிமேல் தையல் மெஷினை மிதிக்க முடியுமா என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் அக்கா எனக்குப் புரியும்படி சொன்னார். நம் தசையில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் இருக்கின்றன. வேலையே இல்லாமல் சும்மா கிடந்தால் அவை மெலிந்துபோகும், சில செத்தும் போகுமாம். தினமும் அளவாக வேலை கொடுத்தால் அந்தச் சாவு குறையும், தசை மறுபடி தேறும்.

“ஆனா இளைச்ச காலை ஒரேயடியா வாட்டினா, அதுவும் செல்லுக்கு ஆகாது. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். போதும்” என்றார் அக்கா.

அம்மா ஊசியில் நூல் கோக்காமல் வெறும் மெஷினை மிதித்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அளவெடுப்பது என் வேலை. அம்மாவின் வலது கெண்டைக்காலில் ஒரு மச்சம் உண்டு. அதற்கு நேராக டேப்பைச் சுற்ற வேண்டும்.

முதல் ஞாயிறு பதினொன்று. இரண்டாம் ஞாயிறும் அதே பதினொன்று. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

“பதினொன்னரைம்மா” என்றேன்.

எத்தனை நாள் கழித்துச் சிரித்தாள் தெரியுமா! அதற்குப் பிறகு சும்மா இருப்பாளா? மத்தியானமே நூலைக் கோத்து, தேங்கிக் கிடந்த பள்ளிச் சீருடைகளைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அரை இன்ச் ஏறின கால் தாங்கும் என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கால் வீங்கிவிட்டது. தரையில் ஊன்ற முடியவில்லை. நன்றாகத் தேறி வந்த காலுக்குக் கண் பட்டுவிட்டதா என்று அம்மா காலைத் தடவிக்கொண்டே புலம்பினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அது தேறவே இல்லம்மா. பதினொன்னுதான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்.”

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

வீக்கம் வடியும்வரை ஓய்வு, பிறகு ஐந்து நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்றார் அக்கா. இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றி என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். கடிகாரத்தை எதிரே வைத்தேன். நேரம் முடிந்த கையோடு மெஷினை உறை போட்டு மூடினேன். ஊசி கேட்டால், அக்கா சரி என்று சொன்னால்தான் தருவேன் என்றேன்.

ஊசி இல்லாத தையல்காரியைப் பார்த்து ஊரே சிரிக்கும் என்று அம்மா முணுமுணுத்தாள். மெஷின் டிராயரில் ஒரு பாக்கெட் ஊசி இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் அவள் அதை எடுக்கவில்லை.

டேப் மட்டும் என்னிடம் திரும்பி வரவில்லை. ஞாயிறு வந்தால் அம்மாவே முக்கி முனகிக் குனிந்து அளந்துகொள்வாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படியே ஐந்து ஞாயிறு போனது. ஆறாவது ஞாயிறு அம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். டேப்பைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.

“அளந்து சொல்லு.”

மச்சத்துக்கு நேராகச் சுற்றினேன். பன்னிரண்டு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

“பன்னெண்டு இல்லம்மா. பதினொன்னே முக்கால்.”

அம்மா டேப்பைக் குனிந்து பார்க்கவில்லை. அளவு நோட்டைத் திறந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.