இரண்டாவது வரி

விசைப்பலகை ஈரமாக இருந்தது.

உஷாராணி முதலில் கூரையைத்தான் பார்த்தாள். பம்ப் ஹவுஸின் தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மேசைக்கு நேர் மேலே ஒழுகலின் கறை எதுவும் இல்லை. சன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. பூட்டை அவளே இப்போதுதான் திறந்திருந்தாள். இருந்தும் எழுத்துக் கட்டைகளின் இடுக்குகளில் தண்ணீர் நின்றது. துப்பட்டாவின் நுனியால் துடைத்தபோது சாம்பல் நிறச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆற்றுமுகத்துச் சேற்றுக்கே உரிய உப்பும் அழுகலும் கலந்த வாடை, அறையில் ஊறிக் கிடந்த டீசல் நாற்றத்தையும் மீறி மூக்கில் ஏறியது.

“என்னா உஷா, இன்னிக்காவது முடியுமா?” தோட்டத்து அலுவலகக் கிராணி திருச்செல்வம் குடையோடு வாசலிலேயே நின்றார். “கீழ் லயத்துல வீட்டுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. செம்பனைக் கன்னு பூரா முழுகிக் கெடக்குது. மதகத் தொறந்தாத்தான் வடியும்.”

“பெரிய பிராப்ளம் சார். பாக்குறேன்.”

“பாருங்க லா. கையால தொறக்கலாம்னா அந்தச் சக்கரம் ஒடஞ்சி எத்தன வருசம் ஆச்சி. நான் லயத்துப் பக்கம் போயிட்டு வந்துர்றேன்.”

குடை செம்பனை மரங்களுக்கிடையே மறைந்தது. அந்திக்கு இன்னும் நேரமிருந்தும் மழை வெளிச்சத்தை முக்கால்வாசி குடித்துவிட்டிருந்தது.

பெரிய பிராப்ளம் இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கோல சிலாங்கூரில் இருந்தபடியே சுங்கை பெசார் பக்கத்துத் தோட்டங்களின் கணினிகளைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. இந்த அறையிலுள்ள கணினி மதகின் இரும்புக் கதவைத் தூக்கிப் பிடித்திருக்கும். கடல் ஏறும் நேரத்தில் கதவை இறக்கும்; ஏற்றினாலும் இறக்கினாலும் முதலில் சைரன் ஒலிக்கச் செய்யும். கணினி செத்துவிட்டால், உப்புத்தண்ணீர் தோட்டத்துக்குள் வராதிருக்கக் கதவு தானே விழுந்துவிடும். அப்போது சைரன் ஒலிக்காது. அதனால்தான் அந்த விதி: கணினியை நிறுத்தி எழுப்பும் முன் மதகுக்காரர் சன்னாசிக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும்.

மூன்று நாளைக்கு முன்பு ஒரு மாலை அவள் அப்படிச் சொல்லவில்லை. சிநேகிதிகளோடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நண்டு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று கைப்பேசியிலிருந்தே புதிய கெர்னலை ஏற்றினாள். கணினி கண் விழிக்கும்போது முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பும் பகுதி அது. வட்டில் இடம் போதவில்லை, பாதிதான் எழுதப்பட்டது. கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. மறுபடி எழவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சன்னாசியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிடுகிற மனிதர். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். மேசை மேல் அது அதிர்ந்து, அதிர்ந்து, ஓய்ந்தது.

மறுநாள் காலை கிராணி, சன்னாசி நேற்று மாலையிலிருந்து வீடு திரும்பவில்லை என்றபோது, யோசிப்பதற்கு முன்பே அவள் வாய் சொன்னது: “அந்த மெஷினுக்குப் பார்ட்ஸ் வரணும் சார். ரெண்டு மூணு நாள் ஆவும்.”

மதகுக் கதவுக்கும், அதன் பின்னால் தோட்டத்துக் குப்பையைத் தடுக்கும் இரும்புக் கிராதிக்கும் நடுவே, ஓர் ஆள் நின்று வேலை செய்யுமளவு இடம் உண்டு. மேலே கான்கிரீட் மூடி. கதவு தூக்கியிருக்கும்போது ஆற்றுப்பக்கமாகக் குனிந்து நுழைந்து, கிராதியில் சிக்கிய ஆகாயத்தாமரையை அரிவாளால் அறுத்தெடுப்பது சன்னாசியின் வழக்கம். கதவு விழுந்தால் அங்கிருந்து வெளியே வர வழி கிடையாது. கால்வாய்த் தண்ணீர் மட்டும் மெல்ல மெல்ல உள்ளே ஏறும்.

போலீஸ் சாலையோரம் தேடியது. கள்ளுக்கடையில் விசாரித்தது. கதவை அவளைத் தவிர யாரும் நினைக்கவில்லை.

உஷாராணி கணினியின் பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரையில், எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்கும் பூட் மெனு வந்தது. முதல் வரியில் புதிய கெர்னல். இரண்டாவது வரியில் எந்தப் பழுதும் இல்லாத பழைய கெர்னல். கீழ்நோக்கும் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டி, என்டர் அடித்தால் போதும்; கணினி எழுந்துவிடும், கதவும் எழுந்துவிடும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மூலையில் நொடிகளைக் காட்டும் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. முதல் வரி தானே ஓடியது. எழுத்துகள் சரசரவென்று இறங்கி, நடுவில் முறிந்து, அசையாமல் நின்றன. கெர்னல் பேனிக்: கணினி எழ முடியாமல் செத்துப்போனதன் அடையாளம். கிராணிக்குக் காட்ட இது போதும். வட்டு முழுக்கப் போய்விட்டது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதற்குள் வேறு யாராவது மதகைப் பிரிக்கட்டும். அவள் இல்லாத ஒரு நாளில் பிரிக்கட்டும்.

இன்னொரு முறை அழுத்தினாள், திரையைப் படம் எடுத்துக்கொள்வதற்காக.

எண்கள் குறைந்தன. நின்றன.

யாராவது ஒரு கட்டையைத் தொட்டால்தான் அது நிற்கும். அவள் கை கைப்பேசியில் இருந்தது. வெள்ளைப் பட்டை முதல் வரியிலிருந்து மெதுவாக இரண்டாவது வரிக்கு இறங்கியது.

ஈரம், என்று சொல்லிக்கொண்டாள். கட்டைக்குள் ஈரம் போயிருக்கிறது. சகஜம். மேல்நோக்கும் குறியைத் தட்டிப் பட்டையை முதல் வரிக்குக் கொண்டுபோனாள். அது இறங்கியது. மறுபடி ஏற்றினாள். இறங்கியது, இம்முறை வேகமாக.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மழைக்குக் கீழே, தரைக்கும் கீழே, கனத்த இரும்பில் உள்ளங்கையால் தட்டுவது போல. ஒரு தட்டு. பட்டை ஆடியது. இன்னொரு தட்டு.

“பாப்பா.”

உஷாராணி நாற்காலியோடு திரும்பினாள். வாசலில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சன்னாசியின் மனைவி புஷ்பா நின்றாள்.

“பயந்துட்டியா மா? லைட்டு எரியுதேன்னு வந்தேன்.” உள்ளே வந்து சுவரோரமாகக் குந்தினாள். “சுங்கை சோவுல அவரு தம்பி வூட்டுக்கும் போவலையாம். போன் அடிச்சிக் கேட்டுட்டேன். சொல்லாம எங்கயும் போற மனுசன் இல்ல மா.”

“வந்துருவாரு ஆண்டி.” தன் குரலே அவளுக்குக் கூசியது.

“அன்னிக்கிப் பாரிட்டுக் கால்வாயில குப்ப அடச்சிருக்குன்னு வந்தாரு. மதகுக்கு அடியில போவாதீங்கன்னேன். ‘உஷா பாப்பா கம்பியூட்டர் போட்டதுலேருந்து பயமே இல்ல புள்ள, மொதல்ல சைரன் அடிக்கும், அதுக்குள்ள ஏறிருவேன்’னாரு.” புஷ்பா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஒன்ன அவ்ளோ நம்புவாரு.”

தட்டு. இப்போது மேசை மேலிருந்த பேனா உருண்டது.

“ஆண்டி… அந்தச் சத்தம் கேக்குதா?”

“எந்தச் சத்தம்?”

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. நான்தான் சைரனைக் கொன்றேன். அவர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். எத்தனை நேரம் உயிரோடு நின்றிருப்பார்? தண்ணீர் முழங்காலில் இருந்தபோது கூப்பிட்டாரா, கழுத்தில் இருந்தபோதா? அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் ஆற்றுச் சேற்றின் ருசி இருந்தது.

திரும்பிக் கணினியைப் பார்த்தாள். பட்டை இரண்டாவது வரியில் காத்திருந்தது.

விசைப்பலகையின் வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினாள். பலகையைத் தூக்கி மடியில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து தண்ணீர் வழிந்து தொடையை நனைத்தது. இனி எதுவும் நகராது. நகர முடியாது.

மடியில், அவள் விரலுக்கடியில், என்டர் கட்டை தானே அமுங்கியது.

திரையில் எழுத்துகள் ஓடின. முறியவில்லை. வரி மேல் வரி. சரி. சரி. சரி. பழைய கெர்னல் எழுந்தது. மின்பெட்டிக்குள் ஏதோ சொடுக்கியது.

சைரன் அலறியது.

“ஐயோ, தொறக்குது மா! நல்லா இருப்ப!” புஷ்பா எழுந்து மழைக்குள் ஓடினாள்.

“ஆண்டி, போவாதீங்க! அங்க போவாதீங்க!”

சைரனில் அது கேட்கவில்லை. உஷாராணி பின்னாலேயே ஓடினாள். மதகு மேடை. வழுக்கும் கான்கிரீட். கம்பி வேலி. கீழே ஆறு, கறுப்பாக. இரும்புக் கதவு முனகிக்கொண்டு மேலே வந்தது. அடியிலிருந்து தேங்கிய தண்ணீர் பீறிட்டது. ஆகாயத்தாமரை, மட்டை, நுரை. எல்லாம் ஆற்றில் விழுந்து போயின.

வேறொன்றும் விழவில்லை.

ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு கதவின் கீழ் விளிம்பைப் பார்த்தாள். விரல்கள். வெளுத்து, ஊறி, உப்பிய பத்து விரல்கள், இரும்பை உள்பக்கமிருந்து பற்றியிருந்தன. கதவு ஏற ஏற அவையும் ஏறின. மணிக்கட்டு. முழங்கை. நனைந்து ஒட்டிய காக்கிச் சட்டை.

கதவு நின்றது. கைகள் நிற்கவில்லை.

ஒரு கை விட்டது. மேலே நீண்டது. கதவின் குறுக்குக் கம்பியைப் பிடித்தது. இன்னொரு கை. அடுத்த கம்பி.

“நான்தான் ஆண்டி!” உஷாராணி கத்தினாள். “நான்தான் பண்ணேன்! அவரு செத்துட்டாரு ஆண்டி!”

சைரன் அதை விழுங்கிற்று. புஷ்பா வேலியின் மேல் வயிறு அழுந்தக் குனிந்து, இரண்டு கைகளையும் கீழே நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

“ஏறி வாங்க… இந்தா, புடிங்க… மெதுவா…”

வெளுத்த கை அவள் கையைப் பற்றியது.

“கையெல்லாம் சில்லுனு இருக்கு,” புஷ்பா திரும்பாமலே சொன்னாள். “பாப்பா, ஓடிப்போய் துண்டு எடுத்துட்டு வா மா.”

மேடையின் விளிம்புக்கு மேலே தலை வந்தது. அது புஷ்பாவைப் பார்க்கவில்லை. சேறு நிறைந்த வாய் திறந்து, உஷாராணியை நோக்கியே இருந்தது.