தாழில்லாத அறை

ஸ்வப்னா அமரவிளையில் பஸ் இறங்கியபோது மதியம் இரண்டு மணி. மழை இருட்டு. திருவிதாங்கூர் சட்டசபை உறுப்பினரும் கொப்பரை ஆலை முதலாளியுமாக இருந்த சிவதாணு பிள்ளையின் வாழ்க்கையை எழுத, அவருடைய பழைய வீட்டுக்கு வந்திருந்தாள். பேரன் அனில்குமார் அதைப் புத்தகமாகப் போடுகிறார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தங்கபாய் கூடத்தில் நாற்காலி போட்டாள். “இங்கயே இருந்து எழுது மக்கா. மாடியில அவரு செத்த முறி உண்டு.”

ஸ்வப்னா அவருடைய சபைப் பேச்சுகளைப் புரட்டினாள். ஆலை தீப்பிடித்ததைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார்: ‘கதவு திறந்தே இருந்தது. எவரும் சாகவில்லை.’ அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

கருகிய எண்ணெயின் வாடை வந்தது.

மாடியில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

“யாரு அக்கா அது?”

தங்கபாயின் குரல் தாழ்ந்தது. “அவராக்கும். கொப்பரை களவு போவுமுண்ணு, தீப்பிடிச்ச அண்ணைக்கு ஆலையை வெளியே பூட்டிப்போட்டாரு. ஏழு பொண்ணுங்களாக்கும் உள்ள வெந்து செத்தது. எனக்க அம்மைக்க அக்காளும் அதில உண்டு.”

ஸ்வப்னா படியேறினாள். அவர் செத்த அறையின் கதவில் பூட்டும் இல்லை, தாழும் இல்லை.

“திற... சுடுது...” உள்ளே ஒரு கிழவரின் குரல் கெஞ்சியது.

வளையத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அசையவில்லை.

இழுத்த கை ஒரு தோளில் இடித்தது.

அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ஆட்கள் நின்றார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. உடம்புச் சூடு மட்டும் தெரிந்தது. கதவில் முதுகைக் கொடுத்து அழுத்தி நின்றார்கள்.

“நீ போ மக்கா,” என்றது ஒரு பெண்குரல், காதருகே.

அந்த வாரமே ஏழு பேரின் சாவையும் எழுதி அனுப்பினாள்.

“தாத்தா பேரைக் கெடுக்கண்டாம். அந்தப் பக்கத்தை எடுத்தாச்சு,” என்றார் அனில்குமார் போனில்.

“அப்ப புத்தகத்துல எனக்க பேரும் வேண்டாம் சார்.”

புத்தகம் வெளியான அன்று சாயங்காலம் தங்கபாய் அழைத்தாள். மூச்சு வாங்கியது.

“அனில்குமார் சார் புஸ்தகத்தை அந்த முறியில கொண்டு வைக்கப் போனாரு. கதவு தானா திறந்து குடுத்துச்சு. உள்ள ஏறினதும் அடைஞ்சு போச்சு.”

“ஆளைக் கூப்பிடுங்கக்கா.”

“ஃபயர்ஃபோர்ஸ் வந்து அரைமணி நேரமாச்சு. படியிலயே நிக்காவ.”

“ஏன் மேலே போகல?”



“படி நிறைய பொண்ணுங்க நிக்காவளாம். அவங்களை வழி விடச் சொல்லுண்ணு ஃபயர்ஃபோர்ஸ்காரங்க எனக்கிட்ட கேக்காவ மக்கா.”